அக்கா பார்க்காத பட்டாம்பூச்சி

என் அக்காவுக்கு நீச்சல் குளத்தில் ஒரு பட்டப்பேர் உண்டு. தூங்குமூஞ்சி அம்மா. வாட்ச்மேன் ஆரம்பித்து வைத்தது, பிறகு ஊரே பிடித்துக்கொண்டது. அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இராத்திரி முழுக்க ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் கால்கடுக்க நிற்கிறாள். இரத்தமும் மருந்தும் பட்ட படுக்கை விரிப்புகளை மூட்டை மூட்டையாக இயந்திரத்தில் திணித்து, வெளுத்து, பிழிந்து, சூட்டு உருளையில் கொடுத்து வாங்கி மடித்து அடுக்குகிறாள். விடிவதற்குள் வீட்டுக்கு வந்து மகளை எழுப்பிக் குளத்துக்குக் கூட்டிப்போகிறாள். அப்படிப்பட்டவள் அங்கே உட்கார்ந்ததும் தூங்காமல் வேறென்ன செய்வாள்? இதை நான் வாட்ச்மேனிடம் ஒருமுறை நேராகவே கேட்டேன். அவர் சிரித்துவிட்டுச் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

உண்மையைச் சொன்னால், என் அக்கா மகள் நீச்சலுக்குப் போனதே இந்தத் தூக்கத்தால்தான். அத்தான் லாரி ஓட்டுகிறவர். வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வருவார், துணியைப் போட்டுவிட்டுப் போவார். விடிகாலையில் வேலை முடிந்து வந்தால், அக்காவுக்குக் கண் எரியும். குழந்தையோ அப்போதுதான் எழுந்து வீட்டைத் தலைகீழாக்க ஆரம்பிக்கும். நானோ தையல் கடை வைத்திருப்பவள், காலையில் கடை திறக்காவிட்டால் வாடிக்கைக்காரர்கள் வேறு கடை பார்ப்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் நகராட்சிக் குளத்தில் காலையில் குழந்தைகளுக்கு இலவசமாகச் சொல்லித் தருகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். பிள்ளையைத் தண்ணீரில் விட்டுவிட்டு மேலே பார்வையாளர் படிக்கட்டில் கொஞ்ச நேரம் கண்ணை மூடலாம் என்று அக்கா கணக்குப் போட்டாள். அவ்வளவுதான். உலகச் சாம்பியனாக்க வேண்டும் என்ற கனவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

அவள் தூக்கம் ஒரு தினுசு. சத்தம் இருந்தால்தான் வரும். இயந்திர இரைச்சலிலேயே வாழ்க்கை ஓடியவள் அல்லவா? காதுக்குப் பக்கத்தில் இடி விழுந்தாலும் அசையமாட்டாள், ஆனால் சத்தம் நின்றால் தூக்கிவாரிப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவாள். இயந்திரம் நின்றால் ஏதோ கோளாறு என்று அர்த்தம், ஓடிப்போய்ப் பார்க்கவேண்டும் என்பது அவள் உடம்பில் ஊறிவிட்டது. வீட்டில் மின்விசிறி நின்றுபோனால் தெருவில் முதலில் எழுவது அவள்தான்.

மகளுக்கு நான் வைத்த பேர் வாத்து. காலில் ரப்பர் துடுப்பை மாட்டிக்கொண்டு அவள் நடந்த நடைக்கு வேறென்ன பேர் வைப்பது? வாத்து கொஞ்சம் வளர்ந்ததும் நீச்சல் மாஸ்டர் அக்காவைக் கூப்பிட்டு, உங்கள் பெண் எந்த நீச்சலிலும் முதல் இல்லை, ஆனால் எதிலும் மோசமில்லை, அதனால் மெட்லியில் போடலாம் என்றார். அக்கா அரைத் தூக்கத்தில் தலையாட்டிவிட்டு வந்தாள். மெட்லி என்றால் என்ன என்று நான் கேட்டதற்கு அவள் சொன்ன விளக்கம் இன்றைக்கும் எங்கள் வீட்டில் வழக்கு. "துணி துவைக்கிற மாதிரிதான். முதல்ல பட்டாம்பூச்சி, அது அடிச்சுத் துவைக்கிறது. அப்புறம் மல்லாந்து போறது, அது அலசுறது. மூணாவது மார்பு நீச்சல், பிழியறது. கடைசில ஃப்ரீஸ்டைல், கொடிக்கு ஓடுறது. நாலையும் ஒருத்தியே செய்யணும்." அப்போ உனக்குத்தான் மெடல் தரணும் என்றேன். எனக்கு ஒரு தலையணை தந்தால் போதும் என்றாள்.

இதில்தான் சிக்கல் முளைத்தது. பட்டாம்பூச்சி நீச்சலில் தண்ணீர் தடதடவென்று அடிபடும். மல்லாந்த நீச்சலிலும் கை மாற்றி மாற்றி அறைந்துகொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் அக்கா சொக்கிப்போவாள். மூன்றாவதாக மார்பு நீச்சல் வரும். கையும் காலும் தண்ணீருக்குள்ளேயே வேலை செய்யும், சத்தம் சட்டென்று அடங்கிவிடும். அந்த நொடியில் அக்கா கண்ணைத் திறப்பாள். பயிற்சியிலும் இப்படித்தான், பள்ளிப் போட்டிகளிலும் இப்படித்தான், மாநிலப் போட்டிகளிலும் இப்படித்தான். தன் மகளின் பந்தயங்களில் பின்பாதியை மட்டுமே பார்த்த தாய் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கவேண்டும்.

சின்ன வயதில் வாத்து ஏதோ ஒரு போட்டியில் ஜெயித்துவிட்டு ஈரம் சொட்டச் சொட்டப் படியேறி வந்து, பாத்தியாம்மா என்று கேட்டாள். பாத்தேனே, பிரமாதம் என்றாள் அக்கா. கன்னத்தில் கைப்பிடிக் கம்பியின் தடம் அப்படியே பதிந்திருந்தது. வாத்து அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்கப்புறம் ஒவ்வொரு போட்டி முடிந்தும் அவள் கேட்பாள், இவள் பாத்தேன் என்பாள். இரண்டு பேருக்கும் அது பொய் என்று தெரியும். நடுவில் உட்கார்ந்த எனக்கும் தெரியும். வாய் துறுதுறுக்கும், ஆனாலும் நான் பேசியதில்லை.

வருடங்கள் ஓடின. வாத்துக்குத் தோள்பட்டை கெட்டது, ஊசி போட்டார்கள், மறுபடியும் கெட்டது. அவளோடு நீந்தியவர்களெல்லாம் கல்யாணம், வேலை என்று போய்விட்டார்கள். இவள் மட்டும் பகலில் அதே குளத்தில் பொடிசுகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, காலையும் மாலையும் தானும் நீந்திக்கொண்டிருந்தாள். சாப்பிடும்போதே கண் சொருகும். அம்மாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து தட்டில் கைவைத்தபடி தூங்கி வழிவதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒருத்தி மேல் சலவைத்தூள் வாசனை, ஒருத்தி மேல் குளத்து மருந்து வாசனை. கண்ணைக் கட்டிவிட்டால் எது தாய் எது மகள் என்று எனக்கே தெரியாது. போதும், நிறுத்து என்று நான் அவளிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். ஒரு தடவை பெரிய போட்டிக்குப் போய்விட்டு நிறுத்துகிறேன் சித்தி என்பாள்.

அந்தப் பெரிய போட்டியும் வந்தது. உலகத்து நீச்சல்காரர்கள் எல்லோரும் கூடுகிற போட்டி, எங்கள் மாநிலத் தலைநகரத்திலேயே நடந்தது. முதல் சுற்றோடு திரும்பிவிடுவாள், அடுத்த வாரம் வீட்டில் இருப்பாள் என்று நாங்கள் சாதாரணமாக இருந்தோம். அரையிறுதி முடிந்த அன்று மாலை அக்கா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. இருநூறு மீட்டர் மெட்லியில் வாத்து இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டாள். எட்டுப் பேரில் எட்டாவதாக, மயிரிழையில். அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நான் காதைப் போனோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

"அம்மா, இதோட நிறுத்திக்கறேன். தோள் இனிமே தாங்காது. நாளைக்கு நீ வந்துடு."

"வரேன்டி. எப்படியாவது வந்துடறேன்."

"வந்தா மட்டும் போதாதும்மா. முழிச்சிருக்கணும். என் பட்டாம்பூச்சிய நீ ஒரு தடவைகூட பாத்ததில்ல. நாளைக்கு முதல்லேருந்து பாரு. வேற ஒண்ணும் கேக்கல."

எத்தனை வருடத்துப் பொய்யை அந்தப் பெண் ஒரு வரியில் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டாள். அதிலும் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அக்கா தாங்கியிருப்பாள். பாக்கறேன், சத்தியமா பாக்கறேன் என்றாள்.

லீவு அவ்வளவு சீக்கிரம் கிடைத்துவிடுமா? அன்றைய இராத்திரி வேலையை முடித்துவிட்டுப் போ என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். முடித்தாள். விடிந்ததும் சலவைக்கூடத்து வாசலிலிருந்தே ரயில் நிலையத்துக்கு ஓடினோம். முன்பதிவு கிடையாது. கதவோரம் நின்றுகொண்டே போனோம். இடம் கிடைத்தபோது உட்காரு, கொஞ்சம் தூங்கு என்றேன். உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன், தூங்கினால் அடித்துப்போட்ட மாதிரி ஆகிவிடுவேன், எழுந்திருக்க வராது என்று பிடிவாதமாக நின்றாள். நெடுந்தூரம் நின்றுகொண்டே வந்த கால் அப்பம் மாதிரி வீங்கிவிட்டது. பிறகு என் பக்கம் குனிந்து, உன்கிட்ட ஊக்கு இருக்குமே என்றாள். தையல்காரியிடம் ஊக்குக்கா பஞ்சம்? "நான் கண் மூடினா குத்திடு. யோசிக்காதே. இரத்தம் வந்தாலும் பரவால்ல." சரி என்று சொல்லி ஒரு நல்ல கூர்மையான ஊக்காக எடுத்து முந்தானையில் மாட்டிக்கொண்டேன்.

போட்டி நடந்த மண்டபத்துக்கு வந்து சேர்ந்தோம். அரங்கம் நிறைய ஜனம். கீழே நீலமாகத் தண்ணீர். உள்ளே நுழைந்ததுமே வெதுவெதுப்பான ஈரக்காற்று முகத்தில் வந்து போர்த்திக்கொண்டது, அதோடு அந்த மருந்து வாசனை. பாழாய்ப்போன வாசனை. அக்கா உடம்புக்கு அதுதான் தாலாட்டு. வாசலிலேயே அவள் கண்ணிமை கனத்ததை நான் பார்த்தேன். ஸ்ட்ராங்காக இருக்கிற டீயாகப் பார்த்து வாங்கிக்கொடுத்தேன். புதினா மிட்டாய் வாயில் போட்டேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். தன் கையைத் தானே கிள்ளிக்கொண்டாள்.

எங்கள் பெண்ணின் பந்தயத்துக்கு முன்னால் வேறு பந்தயங்கள் இருந்தன. நீளமான ஒன்று வந்தது, போகிறார்கள் வருகிறார்கள், போகிறார்கள் வருகிறார்கள், முடிகிற வழியாகத் தெரியவில்லை. ஜனங்களின் இரைச்சல் ஒரே சீராக அலையடித்துக்கொண்டிருந்தது. இரண்டு தடவை அக்கா தலை சாய்ந்தது, நான் குத்தினேன், நிமிர்ந்தாள். மூன்றாவது தடவை குத்தினேன், ம்ம் என்றாள். அடுத்தது நம்ம பொண்ணுதான் என்று காதில் சொன்னேன். தெரியும், நான் முழிச்சுட்டுதான் இருக்கேன் என்று தெளிவாகவே சொன்னாள். நான் கீழே வாசலைப் பார்க்கத் திரும்பினேன். ஒவ்வொருத்தியாகப் பேர் சொல்லிக் கூப்பிட, கை காட்டிக்கொண்டு வந்தார்கள். நாலைந்து பெண்கள் வந்திருப்பார்கள், என் தோளில் ஒரு கனம் இறங்கியது.

வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. அக்கா, அக்கா என்று உலுக்கினேன். ஊக்கால் குத்தினேன், கையை உதறினாளே தவிரக் கண் திறக்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து எட்டாவது பேர் கூப்பிட்டார்கள். வாத்து வாசலில் வந்து நின்றாள். இறுதிப் போட்டிக்கு வந்த பெண்களின் குடும்பத்தைப் பெரிய திரையில் காட்டுவது அங்கே வழக்கம் போலிருக்கிறது, மற்ற குடும்பங்கள் கொடியை ஆட்டியதும் குதித்ததும் எல்லாம் திரையில் வந்துகொண்டிருந்தன. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஏனென்றால் திரை முழுக்க என் அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கையில் ஊக்கோடு நான்.

அரங்கமே சிரித்தது. மானம் கப்பலேறியது என்பார்களே, அன்றைக்கு என் மானம் கப்பலேறி உலகத்தையே சுற்றி வந்தது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. கீழே வாத்து திரையை நிமிர்ந்து பார்த்தாள். நான் அவள் முகத்தை மட்டும் பார்த்தேன். அது வாடிப்போகும், இத்தனை வருடமாகக் கேட்காமல் கேட்ட ஒன்றே ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டதே என்று நினைத்தேன். அவள் திரையை விட்டு எங்கள் பக்கம் திரும்பித் தேடினாள், கண்டுபிடித்தாள். நான் அக்காவைத் தூக்கி நிறுத்துவது போல மறுபடி உலுக்கினேன். வாத்து உள்ளங்கையைக் கீழ்நோக்கி மெதுவாக அசைத்தாள். வேண்டாம் என்று தலையாட்டினாள். இரண்டு கைகளையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்துக் காட்டினாள். தூங்கட்டும், விட்டுவிடு என்றாள். அப்புறம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டாம் பாதைக்கு நடந்துபோனாள்.

நான் ஊக்கை மூடினேன். எனக்கு இன்னும் ஒரு நம்பிக்கை இருந்தது. ஆரம்பத்துக்கு முன்னால் அரங்கம் அமைதியாகும், அமைதியானால் இவள் எழுந்துவிடுவாள். நீளமாக விசில் ஊதினார்கள், ஊசி விழுந்தால் கேட்கிற அமைதி வந்தது. அக்கா கண்ணைத் திறந்தாள், என்மேல் சத்தியமாகத் திறந்தாள். "சாப்பாட்டு டப்பா எடுத்துக்கிட்டியாடி?" என்றாள். பீப் என்றது, எட்டுப் பேரும் குதித்தார்கள், ஜனங்களின் கூச்சல் கூரையைத் தூக்கியது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆக, அந்தப் பட்டாம்பூச்சியை நான்தான் பார்த்தேன். அக்காவின் தலை என் தோளில் இருந்ததால் எழுந்து நிற்கவும் முடியவில்லை, கத்தவும் மனசு வரவில்லை, உட்கார்ந்தபடியே பார்த்தேன். கெட்டுப்போன தோள் என்று யாரும் சொல்லமுடியாது. ஓரப் பாதையில் தனியாக, முன்னால் இருக்கிறவர்களுக்குச் சமமாக எழும்பி எழும்பி விழுந்தாள். மல்லாந்த நீச்சலில் பின்தங்கினாள், எல்லோருக்கும் பின்னால் போனாள். மார்பு நீச்சலில் ஒருத்தியைப் பிடித்தாள். அப்போதும் இரைச்சல் அடங்கவில்லை, அக்கா எழவில்லை. கடைசியாக ஃப்ரீஸ்டைலில் இன்னொருத்தியைத் தாண்டினாள். ஆறாவது. பலகையில் அவள் பேருக்குப் பக்கத்தில் வந்த நேரம் அவள் வாழ்நாளிலேயே நல்ல நேரம் என்று மாஸ்டர் பிறகு சொன்னார். சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் பலகையைப் பார்த்தாள், பிறகு எங்களைப் பார்த்தாள். நான் ஆறு விரலைக் காட்டி அழுதுகொண்டிருந்தேன்.

எல்லாப் பந்தயங்களும் முடிந்து, மெடல் கொடுத்து, ஜனங்கள் கலைந்து, தண்ணீர் அசையாமல் ஆனபோது அக்கா தூக்கிவாரிப் போட்டுக்கொண்டு எழுந்தாள். ஆரம்பிச்சுட்டாங்களா என்றாள். காலியான நாற்காலிகளைப் பார்த்தாள், குளத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். ஏன்டி குத்தலை என்று கேட்டாள். கையைப் பார் என்றேன். பார்த்தாள். பொட்டுப் பொட்டாகச் சிவந்திருந்தது. அந்தக் கையாலேயே தலையில் அடித்துக்கொண்டாள். நாலு வீடு கேட்கிற மாதிரி அழுகிறவள் இல்லை அவள், அன்றைக்கு ஓவென்று அழுதாள். போதாக்குறைக்கு அத்தான் வேறு எங்கேயோ வழிக்கடையில் டிவி பார்த்துவிட்டுப் போன் செய்து, உங்க அக்காவை உலகமே பாத்துடுச்சு என்று சிரித்தார். வாயை மூடிக்கொண்டு லாரியை ஓட்டுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வாத்து படியேறி வந்தாள். தலை காயவில்லை, தோளில் ஐஸ் பை கட்டியிருந்தாள். அக்கா அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேட்டே. அதக்கூடச் செய்யத் துப்பில்லாதவளாப் போயிட்டேன்டி."

"பாத்தேன்னு சொல்லலியே இன்னிக்கு. அதுவே பெரிசு" என்றாள் வாத்து. அக்காவுக்கும் எனக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தாள். "சரி, இப்ப சொல்றேன். கேக்கறியா?"

சொல்ல ஆரம்பித்தாள். குதித்ததும் தண்ணீருக்கு அடியில் காது அடைத்தது, முதல் வீச்சில் தோள் சுரீரென்றது, இரண்டாவதில் அந்த வலியை மறந்தது, பக்கத்துப் பாதைப் பெண்ணின் நுரையைப் பார்த்துக்கொண்டே போனது எல்லாம் சொன்னாள். கையை விரித்து எப்படி எழும்பினாள் என்று காட்டினாள். அக்கா கண்கொட்டாமல் கேட்டாள். பட்டாம்பூச்சி முழுவதும் அவள் விழித்திருந்தாள், அதற்கு நான் சாட்சி. சுவரைத் தொட்டு மல்லாந்ததும் கூரை விளக்குகளைப் பார்த்தேன் என்று வாத்து சொல்லும்போது அக்காவின் தலை சாய ஆரம்பித்தது. ஐஸ் பை இல்லாத தோளில் வந்து நின்றது.

வாத்து நிறுத்தவில்லை. நிறுத்தினால் எழுந்துவிடுவாள் என்று அவளுக்குத் தெரியாதா? அதே குரலில், ஏற்றம் இறக்கம் இல்லாமல், மார்பு நீச்சலையும் சொன்னாள், ஃப்ரீஸ்டைலையும் சொன்னாள். கீழே துப்புரவு ஆட்கள் தரையைக் கழுவும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கிளம்பச் சொல்ல ஒரு காவலாளி வந்தார், நான் உதட்டில் விரலை வைத்துப் பிறகு அவரைக் கும்பிட்டேன். நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். கடைசி ரயில் என்று நான் வாத்திடம் சைகை செய்தேன். போனால் போகட்டும் என்று கண்ணாலேயே சொன்னாள்.

"அப்புறம் சுவத்தத் தொட்டேன்மா. ஆறாவது" என்று முடித்து, வாத்து மூச்சு வாங்கினாள். அந்தச் சின்ன இடைவெளியில் அக்காவின் புருவம் நெளிந்தது, இமை துடித்தது.

"விசில் ஊதினாங்க. குனிஞ்சேன். பீப்னு சத்தம். குதிச்சேன்" என்று வாத்து அவசரமாக முதலிலிருந்து ஆரம்பித்தாள்.